பேட்ச்பே: ஒலிக்கு வழி வகுக்கும் பலகை

ஒலிப்பதிவுக் கூடத்தில் உள்ள கருவிகளின் இன்புட்டுகளையும் அவுட்புட்டுகளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பலகைக்குப் பேட்ச்பே என்று பெயர். பரவலாகக் கிடைக்கும் வகை 19 அங்குல அகலமும் 1.75 அங்குல உயரமும் கொண்டது. முகப்பில் மேல் வரிசையில் 24, கீழ் வரிசையில் 24 என 48 ஜாக்குகள் இருக்கும். பின்புறத்திலும் அதே எண்ணிக்கை. கருவிகளின் கம்பிகளை ஒருமுறை பின்புறத்தில் செருகிவிட்டால் பிறகு அங்கே கைவைக்க வேண்டியதில்லை. எந்த சிந்தசைசரை எந்த பெடலோடு இணைப்பது என்பதை முகப்பில் சிறிய கம்பிகளைச் செருகியே முடிவு செய்யலாம். சாதாரண பேட்ச்பேக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. அது ஒலியைப் பெருக்குவதும் இல்லை, மாற்றுவதும் இல்லை.

இந்தப் பலகை இசைக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1878-ல் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், பேச விரும்பும் இருவரின் இணைப்புகளைக் கம்பியும் பிளக்கும் கொண்டு சேர்க்கும் ஸ்விட்ச்போர்டுகள் எங்கும் பரவின. 1882-ல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் வந்தன. வெளியூருக்கு ‘டிரங்க் கால்’ பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு ஸ்விட்ச்போர்டில் கம்பி செருகிய ஆபரேட்டரின் குரல் நன்றாகத் தெரியும். 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே எஸ்.டி.டி. வசதி தொடங்கிய பிறகுதான் அந்தக் கை இணைப்பு மெல்ல மெல்ல விலகியது. ஆனால் ஸ்விட்ச்போர்டில் புழங்கிய கால் அங்குல பிளக் விலகவில்லை. வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அதையே எடுத்துக்கொண்டன. இன்று கிதாரிலும் கீபோர்டிலும் பெடலிலும் செருகப்படும் 6.35 மில்லிமீட்டர் பிளக் அதன் நேரடி வாரிசு. பெரிய கூடங்களில் இடத்தை மிச்சப்படுத்த 4.4 மில்லிமீட்டர் கொண்ட பாண்டம் வகையும் உண்டு.

பேட்ச்பேயைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது முகப்பில் தொங்கும் வண்ணக் கம்பிகள். அதன் உண்மையான திறமை இருப்பதோ, கம்பி எதுவும் செருகாத நிலையில். ஒரு ஜாக்கின் உள்ளே பார்த்தால் இது விளங்கும். துளைக்குப் பின்னால் வளைந்த உலோகத் தகடு ஒன்று வில்போல் விறைத்து நிற்கும். பிளக் இல்லாதபோது அது பக்கத்தில் உள்ள இன்னொரு முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிளக் உள்ளே போனால் அதன் நுனி தகட்டை மேலே தூக்கும், தொடர்பு அறும். பிளக்கை உருவினால் தகடு பழைய இடத்துக்கே திரும்பும். மேல் ஜாக்கின் அவுட்புட்டை அதற்கு நேர் கீழே உள்ள இன்புட்டோடு, முகப்பில் கம்பியே இல்லாமல் இணைத்து வைப்பது இந்தத் தகடுதான். இந்த உள் இணைப்பை நார்மல் என்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வழக்கமான வயலுக்குத் தானாகவே ஓடுகிறது. வேறு வயலுக்குத் திருப்ப வேண்டிய நாளில் மட்டும் மடையை மாற்றினால் போதும். நார்மலும் அப்படித்தான்.

எந்த ஜாக்கில் செருகினால் தொடர்பு அறும் என்பதை வைத்து நார்மல் இரண்டு வகைப்படும். மேலே செருகினாலும் கீழே செருகினாலும் அறுந்துவிட்டால் அது முழு நார்மல். கீழே செருகினால் மட்டும் அறுந்து, மேலே செருகும்போது அறாமல் இருந்தால் அது ஹாஃப் நார்மல். இந்த இரண்டாவது வகையில் மேல் ஜாக்கில் ஒரு கம்பியைச் செருகினால் சிக்னல் இரண்டாகப் பிரியும்: ஒன்று வழக்கமான இடத்துக்கும், மற்றொன்று கம்பி வழியே புதிய இடத்துக்கும் போகும். நார்மலே வைக்காத மூன்றாவது ஏற்பாடும் உண்டு. அதில் மேலும் கீழும் தனித்தனி. முகப்பில் கம்பி போட்டால்தான் எதுவும் எங்கும் போகும். பல பேட்ச்பேக்களில் மேலும் கீழுமாக உள்ள இரண்டு ஜாக்குகள் கொண்ட ஒவ்வொரு பத்திக்கும் எந்த வகை வேண்டும் என்பதைச் சிறு ஸ்விட்ச் மூலமோ, உள்ளிருக்கும் அட்டையைத் திருப்பிப் போட்டோ மாற்றலாம்.

புனேயின் ஏரவாடாவில் இரண்டு அறை வீடு ஒன்றை எடுத்துக்கொண்டால் இதன் பயன் தெளிவாகும். விமான நிலையத்துக்குப் போகும் சாலை அந்தப் பகுதி வழியாகத்தான் செல்கிறது. வாகன இரைச்சலில் மைக் வைத்துப் பதிவு செய்வது பெரும்பாடு. சிந்தசைசரும் பெடலும் கம்பி வழியே நேராகக் கணினிக்குப் போவதால் வெளிச்சத்தம் அவற்றை எட்டாது. அந்த அறையில் இரண்டு சிந்தசைசர்கள், டிஸ்டார்ஷன், டிலே, ரிவெர்ப் என மூன்று பெடல்கள், கணினியோடு இணைந்த ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருப்பதாகக் கொண்டால், பின்புற இணைப்பு இப்படி அமையலாம். முதல் பத்தியில் மேலே முதல் சிந்தசைசரின் அவுட்புட், கீழே இன்டர்ஃபேஸின் முதல் இன்புட். இரண்டாம் பத்தியில் இரண்டாம் சிந்தசைசரும் இரண்டாம் இன்புட்டும். மூன்றாம் பத்தியில் மேலே இன்டர்ஃபேஸின் அவுட்புட் ஒன்று, கீழே டிஸ்டார்ஷனின் இன்புட். நான்காவதில் மேலே டிஸ்டார்ஷனின் அவுட்புட், கீழே டிலேயின் இன்புட். ஐந்தாவதில் மேலே டிலேயின் அவுட்புட், கீழே ரிவெர்பின் இன்புட். ஆறாவதில் மேலே ரிவெர்பின் அவுட்புட், கீழே இன்டர்ஃபேஸின் மூன்றாம் இன்புட். ஆறு பத்திகளும் ஹாஃப் நார்மல்.

முகப்பில் ஒரு கம்பிகூட இல்லாத நிலையில், இரண்டு சிந்தசைசர்களும் நேராகப் பதிவாகும்; கணினியிலிருந்து அனுப்பும் எந்த ஒலியும் மூன்று பெடல்களையும் வரிசையாகக் கடந்து கணினிக்கே திரும்பும். பெரும்பாலான நாட்களுக்கு இது போதும். முதல் சிந்தசைசருக்கு ரிவெர்ப் மட்டும் வேண்டுமானால், முதல் பத்தியின் மேல் ஜாக்கிலிருந்து ஐந்தாம் பத்தியின் கீழ் ஜாக்குக்கு ஒரே ஒரு கம்பி. ஹாஃப் நார்மல் என்பதால் சிந்தசைசரின் அசல் ஒலி முதல் இன்புட்டிலும், ரிவெர்பில் நனைந்த ஒலி மூன்றாம் இன்புட்டிலும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதிவாகும். எவ்வளவு ரிவெர்ப் என்பதைப் பிறகு சாவகாசமாக முடிவு செய்துகொள்ளலாம்.

பெடல்களின் வரிசையைத் தலைகீழாக்குவதும் எளிது. ரிவெர்புக்குப் பிறகு டிஸ்டார்ஷன் வந்தால், அறையின் எதிரொலி முழுவதும் சேர்ந்து நொறுங்கி, ஒற்றைச் சுரம்கூடப் பெரும் சுவராக எழும்பும். இதற்கு மூன்று கம்பிகள் வேண்டும்: சிந்தசைசரிலிருந்து ரிவெர்புக்கு ஒன்று, ரிவெர்பின் அவுட்புட்டிலிருந்து டிஸ்டார்ஷனுக்கு ஒன்று, டிஸ்டார்ஷனின் அவுட்புட்டிலிருந்து மூன்றாம் இன்புட்டுக்கு ஒன்று. பேட்ச்பே இல்லாத மேசையில் இதே மாற்றத்துக்குத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியையும் தடவித் தேடிப் பிடுங்க வேண்டியிருக்கும். அதற்குள் மனத்தில் எழுந்த ஒலி மறந்துபோகும். பேட்ச்பேக்குச் செலவிடும் பணத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு பொறி உண்டு. ஒரு பெடலின் அவுட்புட்டையும் இன்புட்டையும் ஒரே பத்தியில் மேலும் கீழுமாக வைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். அந்தப் பத்தி நார்மல் ஆக்கப்பட்டிருந்தால் பெடலின் வெளியீடு அதன் உள்ளீட்டுக்கே திரும்பும். அடுத்த கணம் ஸ்பீக்கரில் கூச்சல்தான். பெடலை ஒரே பத்தியில் வைக்க விரும்பினால் அந்தப் பத்தியை நார்மல் இல்லாத வகையாக மாற்றியே ஆக வேண்டும். இன்னொரு விதியும் மாறாதது: ஓர் அவுட்புட்டை இரண்டு இன்புட்டுகளுக்குப் பிரிக்கலாம், இரண்டு அவுட்புட்டுகளை வெறும் கம்பியால் ஒரே இன்புட்டில் சேர்க்கக் கூடாது. அவை ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து இரண்டின் ஒலியையும் கெடுக்கும். சேர்ப்பதற்கு மிக்ஸர் இருக்கிறது.

பேட்ச்பே வழியை மட்டும் தரும், அளவைச் சரிசெய்யாது. ஸ்டுடியோக் கருவிகள் பயன்படுத்தும் தொழில்முறை லைன் லெவல் ஏறக்குறைய 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் லைன் லெவல் 0.316 வோல்ட். கிதார் பிக்கப்பின் சிக்னல் பொதுவாக இவற்றைவிடச் சிறியது. பெடல்கள் அந்தச் சிறிய சிக்னலுக்காகவே உருவானவை. சிந்தசைசரை முழு வால்யூமில் பழைய டிஸ்டார்ஷன் பெடலுக்குள் விட்டால், பெடலின் குமிழ் எங்கே இருந்தாலும் ஒரே கரகரப்புதான் வரும். சிந்தசைசரின் வால்யூமைக் குறைப்பது எளிய வழி. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டுக்கும் முதல் பெடலுக்கும் இடையே ரீஆம்ப் பெட்டி ஒன்றை வைத்து அளவையும் இம்பீடன்ஸையும் மாற்றுவது முறையான வழி. இப்போது வரும் டிலே, ரிவெர்ப் பெடல்களில் பல லைன் லெவலையும் தாங்குகின்றன.

கருவிகள் பெருகும்போது 50 ஹெர்ட்ஸ் ஹம் தலைகாட்டுவதும் வழக்கம். ஒவ்வொரு கருவியும் தன் மின்கம்பி வழியாகவும் ஆடியோ கம்பி வழியாகவும் எர்த்துடன் இணைவதால் உண்டாகும் சுற்றே பெரும்பாலும் இதற்குக் காரணம். கருவிகள் அனைத்துக்கும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து மின்சாரம் தருவதும், பெடல்களுக்குத் தனித்தனி அவுட்புட் கொண்ட பவர் சப்ளை வைப்பதும், சிந்தசைசருக்கும் பேட்ச்பேக்கும் இடையே டி.ஐ. பெட்டி வைப்பதும் ஹம்மைக் குறைக்கும். எர்த் பின்னைப் பிடுங்கி ஹம்மை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரையும் இந்த வகைப் பலகை வழியே விடக் கூடாது. பிளக் உள்ளே நுழையும்போது அதன் முனைகள் ஜாக்கின் தொடர்புகளைக் குறுக்காகத் தொட்டுச் செல்வதால், அந்த வோல்டேஜ் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும்.

கம்பி செருகி ஒலியை உருவாக்கும் முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் மாடுலர் சிந்தசைசரை நிறுவினார். ராபர்ட் மூகின் அந்தக் கருவியில் ஆஸிலேட்டர், ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் தனித்தனிப் பெட்டிகள். அவற்றுக்கிடையே பெரும்பாலும் உள் இணைப்பு கிடையாது. கம்பி செருகாதவரை அது மௌனம். சொல்லப்போனால், அந்தக் கருவியின் முகமே ஒரு மாபெரும் பேட்ச்பே, அதுவும் நார்மல் இல்லாத பேட்ச்பே. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் 1972 வரை பதிவு செய்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் அந்த நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுக்க, 2023-ல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. இந்திய மின்னணு இசையின் வரலாற்றைத் திரைப்படப் பாடல்களிலிருந்து மட்டும் தொடங்கும் பழக்கத்தை இந்த நாடாக்கள் மாற்றியிருக்க வேண்டும். அவற்றுக்குரிய கவனம் இன்னும் வந்து சேரவில்லை.

மூக் கருவியில் அழகான ஓர் ஒலி கிடைத்தால் அதைச் சேமித்துவைக்க வழியில்லை. எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே, எந்தக் குமிழ் எந்த அளவில் என்று தாளில் வரைந்து வைக்க வேண்டும். நாடா ஒன்றே நிலையான பதிவு. இந்தச் சிரமத்தைக் குறைக்கப் பிற கருவிகள் வெவ்வேறு வழிகளைத் தேடின. லண்டனில் 1969-ல் வந்த வி.சி.எஸ். 3, கம்பிகளை விட்டுவிட்டு, 16 வரிசையும் 16 பத்தியும் கொண்ட கட்டத்தில் சிறு ஊசிகளைக் குத்தும் முறையைக் கொண்டிருந்தது. 1971-ல் வந்த ஆர்ப் 2600, நார்மல் முறையையே சிந்தசைசருக்குள் கொண்டுபோனது: கம்பி செருகாமலே வாசிக்கலாம், செருகினால் உள் இணைப்பு விலகிப் புதிய வழி திறக்கும். 1978-ன் கோர்க் எம்.எஸ். 20-ம் அதே பாதையில் வந்தது. இன்று செமி-மாடுலர் என்று விற்கப்படும் கருவிகள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

மாடுலர் கருவிகளின் கட்டுப்பாட்டு வோல்டேஜையும் பேட்ச்பே தடையின்றிக் கடத்தும். உள்ளே வெறும் உலோகத் தொடர்பு மட்டுமே இருப்பதால் நேர்மின்னோட்டமும் அதில் ஓடும். மூகின் முறையில் 1 வோல்ட் ஏறினால் சுரம் ஓர் ஆக்டேவ் ஏறும். இருந்தாலும் கட்டுப்பாட்டு வோல்டேஜுக்கும் ஆடியோவுக்கும் தனித்தனிப் பலகை வைப்பது நல்லது. யூரோராக் மாடுலர் கருவிகள் 3.5 மில்லிமீட்டர் ஜாக்குகளைப் பயன்படுத்துவதால் பிரிப்பதும் எளிது. 5 வோல்ட்டுக்கு மேல் போகும் கட்டுப்பாட்டு சிக்னல் தவறிப்போய் ஒரு பெடலுக்குள் நுழைந்தால் பெடல் பழுதாகலாம்.

பேட்ச்பேயைப் பொருத்துவதற்கு முன் தாளில் 24 பத்திகளையும் வரைந்து, எதற்கு மேல் எது என்று எழுதிப் பார்ப்பது பாதி வேலையை முடித்துவிடும். அன்றாடம் கம்பி போட வேண்டியிருக்கும் இணைப்பு எதுவோ, அதையே நார்மலாக வைக்க வேண்டும். மூன்று நான்கு பத்திகளைக் காலியாக விட வேண்டும். புதிய பெடல் வராமல் இருக்காது. ஜாக்குகளுக்கு மேலும் கீழும் பெயர்ச்சீட்டு ஒட்டாத பேட்ச்பே, ஒரு மாதம் கழித்து அமைத்தவருக்கே புதிராகிவிடும்.

முகப்பில் அதிகம் புழங்காத ஜாக்குகள்தான் முதலில் பழுதாகும். பிளக் உள்ளே போய் வரும்போது உலோகம் உரசித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். உரசல் இல்லாத இடத்தில் ஆக்சைடு படியும். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் மழைக்கால ஈரம் இதை விரைவுபடுத்தும். ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வந்தாலோ, தட்டினால் சரியானாலோ, அந்தப் பத்தியின் நார்மல் தகட்டில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று பொருள். பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தாலே பல சமயம் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிளக்கில் சிறிது கான்டாக்ட் கிளீனரைத் தடவி மறுபடி செருகி எடுத்து, காய்ந்த பிறகு இணைக்கலாம்.