சான்றில்லா நாணயங்கள்: இணையச் சந்தையில் இழப்பு யாருக்கு?

புது தில்லி: புதிய நாடாளுமன்றக் கட்டடம் 2023 மே 28-ஆம் தேதி திறக்கப்பட்டபோது, அதன் நினைவாக 75 ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டது. எடை 35 கிராம். விட்டம் 44 மில்லிமீட்டர். உலோகத்தில் பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு, எஞ்சியவை நிக்கலும் துத்தநாகமும். இத்தகைய நினைவு நாணயங்களை அரசு நாணயச்சாலையிடமிருந்தே நேரடியாக வாங்குபவருக்கு, அவை அசலா என்ற ஐயம் எழ வாய்ப்பில்லை.

ஆனால், முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாயை இணையம் வழியாக வாங்குபவரின் நிலை வேறு. அவர் காண்பது இரண்டு புகைப்படங்களும் விற்பவரின் வாக்குறுதியும் மட்டுமே. தங்க நகைகளுக்கு 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரையைப் போன்ற ஏற்பாடு எதுவும் பழைய நாணயங்களுக்கு இல்லை.

ரிசர்வ் வங்கியின் விளக்கம்

பழைய நாணயங்களுக்கும் ரூபாய்த் தாள்களுக்கும் லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்ற விளம்பரங்கள் பெருகியதைத் தொடர்ந்து, 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திச் சிலர் கட்டணம், தரகு, வரி எனப் பணம் கேட்பதாக அது சுட்டிக்காட்டியது. இத்தகைய விற்பனையில் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை என்றும், தன் சார்பில் கட்டணம் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

எனவே, "ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்றது" என்ற வாசகத்துடன் ஒரு பழைய நாணயம் விற்பனைக்கு வந்தால், அந்த வாசகமே முதல் எச்சரிக்கையாகும்.

போலியின் பல வடிவங்கள்

போலி நாணயங்கள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முதல் வகை, என்றுமே இல்லாத நாணயங்கள். ராமர் பட்டாபிஷேகக் காட்சியும் 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் பொறித்த செம்புக் காசுகள் இதற்கு எடுத்துக்காட்டு. கம்பெனி அவ்வாறான காசுகளை வெளியிட்டதே இல்லை. அதன் ஆட்சிப் பகுதிகள் முழுமைக்குமான ஒரே சீரான நாணய முறையே 1835-இல்தான் சட்டமாயிற்று.

இரண்டாம் வகை, அசல் நாணயத்தில் செய்யப்படும் திருத்தம். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிதானது. 1938-ஆம் ஆண்டு ரூபாய் எளிதில் கிடைப்பது. கடைசி இலக்கத்தைத் திருத்திவிட்டால் விலை பன்மடங்காகிறது. புகைப்படத்தில் இத்திருத்தத்தைக் கண்டறிவது கடினம்.

மூன்றாம் வகை, முழுப் போலி. பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளியின் அளவு 91.7 சதவீதம். எடை வெகுவாகக் குறைந்தாலோ காந்தம் ஈர்த்தாலோ அது போலி என ஐயுறலாம். வார்ப்பில் உருவானவற்றின் பரப்பில் நுண்குழிகளும், விளிம்பில் இணைப்புக் கோடும் தென்படலாம். ஆனால், சரியான உலோகத்தில் அச்சு கொண்டு அடிக்கப்பட்ட போலிகள் இச்சோதனைகளில் தேறிவிடும். அவற்றை இனங்காண நாணயவியல் பயிற்சி தேவை.

அசல் நாணயத்திலும் விலை ஏமாற்று உண்டு. 1862 என்று பொறித்த ரூபாய்கள் அந்த ஆண்டுக்குப் பின்னரும் பல ஆண்டுகள் அதே ஆண்டுடன் அச்சிடப்பட்டவை. பழமை மட்டுமே ஒரு நாணயத்தை அரியதாக்கிவிடாது.

சான்றும் சோதனைக்கு உரியதே

அமெரிக்காவில் 1986-லும் 1987-லும் தொடங்கப்பட்ட பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய தனியார் நிறுவனங்கள், நாணயங்களைச் சோதித்து 70 புள்ளி அளவுகோலில் தரமிட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டு அளிக்கின்றன. இந்தியச் சேகரிப்பாளர்களும் இந்த உறைகளை மதிக்கின்றனர். ஆனால், உறைகளே போலியாகத் தயாரிக்கப்படுவதாக அந்நிறுவனங்கள் எச்சரித்துள்ளன. உறையில் உள்ள எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கினால், சான்று இருந்தும் பயனில்லை.

சட்டத்தின் கண்ணில்

நாணயம் அசலாகவே இருந்தாலும் சட்டச் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதை விற்பதைத் தொழிலாகக் கொள்பவர் உரிமம் பெற வேண்டும். தனிநபர் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட் கால நாணயங்கள் அனைத்தும் இந்த வரம்புக்குள் அடங்கும். ஐந்தாம் ஜார்ஜ் கால நாணயங்கள் ஆண்டுக்காண்டு வந்து சேர்கின்றன.

மண்ணில் கிடைத்த நாணயம் எனில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் குறுக்கிடும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். "வயலில் கிடைத்தது" என்ற விளம்பரம் வாங்குபவருக்கு ஆறுதல் அன்று, ஆபத்து. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த நாணயங்கள் சங்க காலச் சேரர் வரலாற்றுக்குச் சான்றாக அமைந்ததற்கு, அவை கிடைத்த இடம் தெரிந்திருந்ததும் ஒரு காரணம். இடம் மறைக்கப்பட்டு விற்கப்படும் நாணயத்தோடு அந்தச் சான்றும் அழிகிறது.

நிவாரணத்தில் உள்ள இடைவெளி

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், போலியான அல்லது விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது மின்வணிக நிறுவனங்களின் கடமை.

எனினும், தொழில்முறையாக அல்லாமல் தனிப்பட்ட முறையில் விற்கும் தனிநபருக்கு இவ்விதிகள் பொருந்தா. "தாத்தாவின் பெட்டியில் இருந்தது" என்று கூறி விற்பவர்களில் பலர் இந்தப் பிரிவுக்குள் ஒதுங்கிக்கொள்ள முடியும். மறுவிற்பனை நோக்கில் வாங்கியவர் சட்டத்தின் பொருளில் நுகர்வோரே அல்லர். அத்தகையோருக்கு எஞ்சுவது உரிமையியல் வழக்கு, அல்லது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின் கீழ் மோசடிப் புகார். விற்றவரின் உண்மையான முகவரி தெரியாதபோது இரண்டுமே நெடிய பாதைகள்.

வாங்குவதற்கு முன்

ஆகவே, பாதுகாப்பு பணம் செலுத்துவதற்கு முன்பே தொடங்க வேண்டும். கேட்கப்படும் விலையில் உலோகத்தின் மதிப்பு எவ்வளவு, அரிது என்பதற்காகக் கூடுதலாகக் கேட்கப்படுவது எவ்வளவு எனப் பிரித்துப் பார்ப்பது முதல் படி. அந்தக் கூடுதல் தொகை முழுவதும், நாணயம் அசல் என்ற நம்பிக்கையின் மீது மட்டுமே நிற்கிறது. நம்பிக்கை பொய்த்தால் இழக்கத் தாங்கும் தொகையே அதற்கான வரம்பு.

எடை, விட்டம், விளிம்பின் படம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுதல், பெயரும் முகவரியும் உள்ள ரசீது, போலியெனில் திருப்பித் தரும் எழுத்து உறுதி ஆகியவை அடுத்த படிகள். முன்பணமாக வரியோ பதிவுக் கட்டணமோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

1972-இல் தொல்பொருள் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியபோது, நாணய வணிகம் கடைகளிலும் ஏலக் கூடங்களிலும் நடந்தது. இன்று அது கைப்பேசிக்கு வந்துவிட்டது. நாணயம் நாட்டைவிட்டு வெளியேறாமல் காக்கச் சட்டம் இருக்கிறது. அதை வாங்கும் குடிமகனைக் காக்கும் சட்டத்தில்தான் இடைவெளி இருக்கிறது. அது நிரப்பப்படும்வரை, நாணயத்தின் நாணயத்தைச் சோதிக்கும் பொறுப்பு வாங்குபவரிடமே இருக்கும்.