எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்?

தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் செய்தி முதல் தண்ணீர் பாட்டில் விளம்பரம் வரை எல்லாமே சொல்கின்றன. உண்மையில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. எவ்வளவு குடித்தோம் என்று எண்ணுவதைவிட, உடம்பு என்ன கேட்கிறது, கேட்டபோது அதற்குக் கிடைத்ததா என்று பார்ப்பதே சரியான கணக்கு.

எட்டு எங்கிருந்து வந்தது?

1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.5 லிட்டர் நீர் தேவை என்றது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே சொன்னது. முதல் வாக்கியமே எட்டு டம்ளர் என்று ஊரெல்லாம் பரவியதாகக் கருதப்படுகிறது. இரண்டாவதைப் பலரும் விட்டுவிட்டார்கள். சிறுநீரகவியல் அறிஞர் ஹைன்ஸ் வால்டின் 2002-இல் ஆய்விதழ்களை அலசி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு எட்டு டம்ளர் கட்டாயம் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்று எழுதினார். நம் சாப்பாட்டைப் பார்த்தாலே இது புரியும். வெந்த சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதன் மேல் ரசம், மோர், காய்கறி, பழம் எல்லாம் சேர்கின்றன. அளவாகக் குடிக்கும் டீயும் காபியும்கூடக் கணக்கில் வரும். அவை உடம்பிலுள்ள நீரை வற்றச் செய்யும் என்பது மிகைப்படுத்தல்.

நம் வெயிலுக்குப் போதுமா?

எட்டு டம்ளர் கட்டாயமில்லை என்பது குளிர்நாட்டுக் கணக்கு, நம் வெயிலுக்கு ஆகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 23 நாடுகளில் 5,604 பேரிடம் நடத்தி 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, வயது, உடல்வாகு, உழைப்பு, தட்பவெப்பம் ஆகியவற்றுக்கேற்ப நீர்த்தேவை பெரிதும் மாறுவதைக் காட்டியது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் வேதாரண்யம் உப்பளத்தில் வெயிலில் உப்பு வாருபவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? ஆக, வெயில் எட்டு டம்ளருக்குச் சாதகமான வாதம் அல்ல. ஒரே எண் என்பதற்கே எதிரான வாதம்.

அதிகம் குடித்தால் என்ன கெடுதி?

சிறுநீரகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்குமேல் தொடர்ந்து குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குழப்பம், வலிப்பு வரலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியிருந்ததே முக்கியக் காரணம். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. மாறாக, சிறுநீரகக் கல் வந்தவர்கள் கூடுதலாகக் குடித்தால் மறுபடி கல் உருவாகும் வாய்ப்பு குறைகிறது. இதற்கு வலுவான சான்று உண்டு.

தாகத்தை மட்டும் நம்பலாமா?

'தாகம் எடுத்தாலே நீர் வற்றிவிட்டது' என்பார்கள். அது சரியல்ல. இரத்தத்தின் அடர்த்தி ஓரிரு சதவீதம் கூடியதுமே மூளை தாகத்தை எழுப்பிவிடுகிறது. பாதிப்பு வருவதற்கு வெகு முன்பே அடிக்கும் மணி அது. ஆனால் முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். சாப்பாட்டு வேளைகளிலும் இடையிடையேயும் அவர்களுக்கு நாமே தண்ணீர் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைகளால் தாகத்தைச் சொல்ல முடியாது; ஆறு மாதம் வரை அவர்களுக்குத் தாய்ப்பாலே போதும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். இன்னொரு கூட்டம் தாகம் தெரிந்தும் குடிக்காமல் இருப்பவர்கள். கழிப்பறை இல்லை, இருந்தாலும் போக நேரமில்லை என்பதால் துணிக்கடையிலும் சாலைப் பணியிலும் பெண்கள் தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களிடம் எட்டு டம்ளர் அறிவுரை சொல்வதைவிட, சுத்தமான கழிப்பறையும் ஓய்வு நேரமும் தருவதே பெரிய மருத்துவம். மற்றவர்கள் தாகத்துக்குக் குடித்து, சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அடர்மஞ்சளானால் இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டும்.