எண்பது சர்க்காருக்கு, இருபது அண்ணனுக்கு

2025 கோடையில் நியூஜெர்சி எடிசனில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. மேஜை முழுவதும் இன்ஷூரன்ஸ் விளம்பரங்கள். "இவர் ரிடையர் ஆகப் போகிறார் என்று யார்தான் தமுக்கடித்தார்களோ, தினமும் ஒரு கட்டு வருகிறது" என்று அலுத்துக்கொண்டார் அண்ணி.

நம் சங்க அன்பர்கள் பலருக்கு அமெரிக்காவில் உடன்பிறப்போ, சம்பந்தியோ இருக்கிறார்கள். அக்காலத்தில் போனவர்கள் இப்போது ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்டார்கள். ஆகவே அந்த மேஜையில் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

டில்லியில் சி.ஜி.எச்.எஸ். அட்டையுடன் டிஸ்பென்சரி வரிசையில் நிற்கும் எனக்கு, 65 வயதானால் அமெரிக்க சர்க்கார் எல்லா வைத்தியமும் பார்த்துவிடும் என்றுதான் நினைப்பு. அப்படியில்லை. 1965ல் பிறந்த மெடிகேர் திட்டத்தில் பார்ட் ஏ ஆஸ்பத்திரிக்கு, பார்ட் பி டாக்டருக்கும் பரிசோதனைகளுக்கும். பார்ட் பிக்கு 2025ல் பெரும்பாலோர் கட்டிய பிரீமியம் மாதம் 185 டாலர். அந்த வருடத்தின் முதல் 257 டாலர் நம் கையிலிருந்து. பிறகு நூற்றுக்கு எண்பது சர்க்கார் தரும், இருபது நாம் தரவேண்டும். அந்த இருபதுக்கு உச்சவரம்பே கிடையாது! லட்சம் டாலர் பில் வந்தால் இருபதாயிரம் நம் தலையில். அண்ணனுக்கோ சர்க்கரை உண்டு, இதயத்தில் ஒரு ஸ்டென்ட்டும் உண்டு.

இந்த இருபதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று மெடிகேப் என்னும் துணைக் காப்பீடு. மற்றது மெடிகேர் அட்வான்டேஜ். அதில் தனியார் கம்பெனியே முழுப் பொறுப்பையும் ஏற்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

அண்ணன் மனம் அட்வான்டேஜில்தான் இருந்தது. "பிரீமியம் பூஜ்யம்டா! பல்லுக்கும் கண்ணாடிக்கும்கூடத் தருகிறான்." பார்ட் பி பிரீமியத்தை அப்போதும் கட்டியாக வேண்டும் என்பது சிறிய எழுத்தில் இருந்தது. கம்பெனியின் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போகவேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி வேண்டும் என்பதும் அப்படியே. நியாயமாகச் சொன்னால் அதிலும் நன்மை உண்டு. பட்டியலுக்குட்பட்டு வருடச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2025ல் அது 9,350 டாலருக்கு மேல் போகக்கூடாது.

அண்ணன் மனத்தை மாற்றியவர் பூங்காவில் கூட நடக்கும் குஜராத்தி நண்பர். ஐந்து வருடம் முன்பு அட்வான்டேஜ் எடுத்தார். பிறகு இதய நோய் வந்தது. அவருடைய டாக்டர் பட்டியலிலிருந்து விலகினார். மெடிகேப்புக்கு மாற விண்ணப்பித்தார். நோயைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

இங்கேதான் சூட்சுமம். 65 வயதாகி பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம், மெடிகேப் கம்பெனி எதுவும் நோயைக் காரணம் காட்டி மறுக்கவோ, கூடுதல் பணம் கேட்கவோ முடியாது. அந்தக் கதவு மூடினால் பெரும்பாலான மாநிலங்களில், சில விதிவிலக்குகள் தவிர, உடல்நிலையை விசாரிப்பார்கள். அண்ணன் கம்பெனிக் காப்பீட்டில் இருந்ததால் 67 வயதில்தான் பார்ட் பி தொடங்கினார். கதவு அப்போதுதான் திறந்தது. ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தவறவிடலாமா?

மெடிகேப் திட்டங்களுக்கு ஏ முதல் என் வரை எழுத்துப் பெயர். நடுவில் சில எழுத்துகள் காணாமற் போயிருக்கின்றன. பார்ட் ஏ வேறு, பிளான் ஏ வேறு. இதில் நானும் அண்ணனும் ஒரு மாலையையே வீணாக்கினோம். பெரும்பாலான மாநிலங்களில் ஒரே எழுத்துத் திட்டத்தின் அடிப்படைச் சலுகைகள் எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான், விலைதான் வேறு. பிளான் ஜிக்கு இரண்டு கம்பெனிகள் கேட்ட தொகையில் மாதம் ஐம்பது டாலர் வித்தியாசம். மலிவானதை உடனே பிடித்துவிடக் கூடாது. வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறுமா என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் இலவசமாக விளக்க மாநிலந்தோறும் ஷிப் என்ற ஆலோசனை மையம் உண்டு. அங்கிருந்த அம்மையார் எதையும் விற்கவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

கடைசியில் அண்ணன் பிளான் ஜி எடுத்தார். வருடத்தின் தொடக்கத்தில் நாம் கட்டும் தொகை போக அந்த இருபது சதவீதத்தை அது ஏற்கும். மருந்துக்குப் பார்ட் டி தனி. நம் ஊர் ஃப்ளோட்டர் போலக் குடும்பத்துக்கு ஒரே பாலிசி கிடையாது; அண்ணிக்குத் தனியாக இன்னொன்று.

இந்தியா வருபவர்கள் கவனிக்க: மெடிகேர் பொதுவாக வெளிநாட்டில் செல்லாது. பிளான் ஜி, பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் தொடங்கும் அவசர சிகிச்சைக்கு மட்டும், முதல் 250 டாலர் போக எண்பது சதவீதம் தரும். அதுவும் ஆயுள் முழுவதற்கும் 50,000 டாலர் வரைதான். அண்ணன் டில்லியில் மூன்று மாதம் தங்க ஆசைப்படுகிறார். அண்ணியோ காலண்டரில் அறுபதாம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.