ஒரே ஒரு கோல்

1973-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள். லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடியிருந்தனர். எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் லீட்ஸ் யுனைடெட். முந்தைய ஆண்டு இதே கோப்பையை வென்ற அணி. நாட்டின் அணிக்கு ஆடிய வீரர்கள் பலரைக் கொண்டது. மறுபக்கம் சண்டர்லாண்ட். அந்த அணியின் பதினொரு பேரில் ஒருவர்கூட அதுவரை தம் நாட்டின் முதல் அணியில் இடம் பெற்றதில்லை.

இங்கிலாந்தின் கால்பந்துக் கழகங்கள் படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்நாளில் மேல் படிக்கு முதல் டிவிஷன் என்று பெயர். 1992 முதல் அதைப் பிரிமியர் லீக் என்கிறார்கள். அதற்கு அடுத்தது இரண்டாம் டிவிஷன். 1972-73 பருவத்தில் லீட்ஸ் முதல் டிவிஷனில் மூன்றாவதாக வந்தது. சண்டர்லாண்ட் இரண்டாம் டிவிஷனில் ஆறாவது. அதுவே பெரிய முன்னேற்றம்! 1972 நவம்பரில் பாப் ஸ்டோகோ என்பவர் மேலாளராக வந்து சேர்ந்தபோது, அணி பட்டியலின் அடிப்பகுதியில் தள்ளாடிக் கொண்டிருந்தது. ஆனால் கோப்பைப் பந்தயத்தில் படி வேறுபாடு கிடையாது. எல்லாப் படிகளைச் சேர்ந்த அணிகளின் பெயர்களையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். தோற்றவர் வெளியேற வேண்டியதுதான்.

ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் கடந்தது. சண்டர்லாண்டுக்கு ஒரு கார்னர் கிக் கிடைத்தது. உயர்ந்து வந்த பந்து இயன் போர்ட்டர்ஃபீல்டிடம் விழுந்தது. அவர் இடக்கால் ஆட்டக்காரர். ஆயினும் பந்தைத் தொடையில் தாங்கி, அது தரையைத் தொடுமுன் வலக்காலால் உதைத்து வலைக்குள் செலுத்தினார். அதன்பின் இரு பக்கமும் கோல் விழவில்லை. 1-0. இரண்டாம் டிவிஷன் அணி கோப்பையை எடுத்துச் சென்றது.

நல்ல அணி தோற்பதும் எளிய அணி வெல்வதும் எப்படி நேர்கிறது? "அதிர்ஷ்டம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். இயற்பியல் படித்தவனுக்கு அந்தச் சொல்லில் திருப்தி ஏற்படுவதில்லை. அதிர்ஷ்டம் என்பதையும் அளக்க முடியும். எப்படி என்று பார்ப்போம்.

பரமபத ஆட்டத்துக்கு வைத்திருக்கும் பகடைக்காய் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டு அணிகள் மோதுகின்றன. பலமான அணி இரண்டு கோல் போடும் நேரத்தில் எளிய அணி ஒரு கோல் போடும் என்று வைத்துக் கொள்வோம். அதாவது, விழுகிற எந்தக் கோலும் பலமான அணியுடையதாக இருக்க வாய்ப்பு 2/3. எளிய அணியுடையதாக இருக்க வாய்ப்பு 1/3. பகடையில் 1, 2, 3, 4 விழுந்தால் பலமான அணிக்குக் கோல். 5 அல்லது 6 விழுந்தால் எளிய அணிக்குக் கோல்.

ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு கோல்தான் விழுகிறது என்றால் பகடையை ஒரே முறை உருட்டினால் போதும். எளிய அணி வெல்லும் வாய்ப்பு 1/3. மூன்று முறைக்கு ஒரு முறை! பலத்தில் பாதியே உள்ள அணிக்கு இது குறைவான வாய்ப்பா?

மூன்று கோல் விழும் ஆட்டத்தில் எளிய அணி வெல்ல வேண்டுமானால் குறைந்தது இரண்டு கோல் அதனுடையதாக இருக்க வேண்டும். இரண்டு அதற்கும் ஒன்று எதிரணிக்குமாக விழுவதற்கு மூன்று வரிசைகள் உண்டு. ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 1/3 × 1/3 × 2/3, அதாவது 2/27. மூன்றும் சேர்ந்து 6/27. மூன்று கோலும் அதற்கே விழ 1/27. ஆக மொத்தம் 7/27. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இதே முறையில் ஐந்து கோலுக்குக் கணக்கிட்டால் 51/243 வரும். ஐந்தில் ஒரு பங்கை விடச் சற்று அதிகம். இருபத்தொரு கோல் விழுகிற ஒரு விசித்திர ஆட்டத்தைக் கற்பனை செய்தால், எளிய அணியின் வாய்ப்பு நூற்றுக்கு ஆறுக்கும் கீழே இறங்கிவிடும். நூற்றொரு கோல் என்றால் ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது.

பலம் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாக் கணக்கிலும் அதே 2/3, அதே 1/3. உருட்டும் எண்ணிக்கை மட்டுமே கூடியது. உருட்டல்கள் பெருகப் பெருகத் தற்செயலின் கை தாழ்ந்து, உண்மையான பலம் வெளிப்படுகிறது. கூடைப்பந்தில் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் அறுபது எழுபது புள்ளிகள் எடுப்பது சாதாரணம். அங்கே எளிய அணி தப்புவது கடினம். கால்பந்திலோ ஒன்றிரண்டு கோலில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. லீக் போட்டியின் கதையும் வேறு. அன்றைய முதல் டிவிஷனில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 42 ஆட்டங்கள் ஆட வேண்டும். அத்தனை ஆட்டங்களிலும் அதிர்ஷ்டத்தை நம்பி மேலே நிற்க முடியாது. கோப்பைக்கோ ஒரு மாலைப்பொழுது போதும்.

வெம்பிளியில் அடுத்து நடந்தவற்றையும் பாருங்கள். 1976-இல் இரண்டாம் டிவிஷன் அணியான சவுதாம்ப்டன், மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்தது. 83-ஆவது நிமிடத்தில் பாபி ஸ்டோக்ஸ் போட்ட கோல், 1-0. 1980-இல் இரண்டாம் டிவிஷனின் வெஸ்ட் ஹாம், ஆர்சனலைத் தோற்கடித்தது. 13-ஆவது நிமிடத்தில் டிரெவர் புரூக்கிங் குனிந்து தலையால் தட்டிய கோல், அதுவும் 1-0. அந்த வெஸ்ட் ஹாம் அணியில் பால் ஆலன் என்று ஒரு பையன் ஆடினான். வயது 17. உங்களில் சிலரைவிட ஓரிரு வயதுதான் மூத்தவன்! ஆட்டம் முடியும் தறுவாயில் அவன் தனியே பந்துடன் கோலை நோக்கி ஓடியபோது, ஆர்சனல் வீரர் ஒருவர் பின்னாலிருந்து காலை இடறிவிட்டார். இல்லையென்றால் 2-0 ஆகியிருக்கலாம்.

எட்டு ஆண்டுகளில் மூன்று இரண்டாம் டிவிஷன் வெற்றிகள், மூன்றும் 1-0. கணக்குக்கு அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக இதை விதியாக்கிவிடக் கூடாது. 1894-இல் இரண்டாம் டிவிஷனைச் சேர்ந்த நாட்ஸ் கவுண்டி, போல்டனை 4-1 என்று வென்றிருக்கிறது. 1931-இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், பர்மிங்ஹாமை வென்றது 2-1 என்ற கணக்கில். மேலும், ஒரு கோல் ஆட்டத்தில் எளிய அணிக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால், மற்ற இரண்டு பங்கும் பலமான அணிக்குத்தானே? 2008-இல் கார்டிஃப் சிட்டி, போர்ட்ஸ்மத் அணியிடம் தோற்றதும் அதே 1-0 தான். 1992-இல் மீண்டும் இறுதிக்கு வந்த சண்டர்லாண்ட், லிவர்பூலிடம் 0-2 என்று தோற்றது. 2004-இல் மில்வாலுக்கு 0-3.

இதை வகுப்பில் சொன்னால், "அப்படியானால் பயிற்சி எதற்கு சார், பகடை உருட்டினால் போதுமே?" என்று யாராவது ஒரு மாணவன் கேட்காமல் இருப்பதில்லை. நல்ல கேள்வி. பகடையை எத்தனை முறை உருட்டுவது என்பதை யார் தீர்மானிப்பது? அங்கேதான் திறமை வருகிறது. கோல் எண்ணிக்கை குறையக் குறைய எளிய அணியின் வாய்ப்பு கூடும் என்று கண்டோம். ஆகவே கோல் விழாமல் தடுப்பதே அதன் முதல் வேலை. லீட்ஸின் இடப்புற வீரர் எடி கிரே பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதில் வல்லவர். சண்டர்லாண்ட் அவர் பக்கம் இரண்டு பேரை நிறுத்தியது. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் அவரை வெளியே அழைத்து வேறு ஒருவரை அனுப்பினார்கள்.

எல்லாவற்றையும் விஞ்சிய செயல் கோல்கீப்பர் ஜிம் மான்ட்கோமரியுடையது. இரண்டாம் பாதியில் லீட்ஸின் டிரெவர் செர்ரி பாய்ந்து தலையால் முட்டிய பந்தை, மான்ட்கோமரி விழுந்து தட்டிவிட்டார். பந்து நேரே பீட்டர் லாரிமரின் காலுக்கே போய்ச் சேர்ந்தது. லாரிமர் பலமாக உதைப்பதற்குப் பெயர் பெற்றவர். எதிரே சில மீட்டர் தூரத்தில் கோல். கோல்கீப்பரோ தரையில் கிடக்கிறார். லாரிமர் உதைத்தார். மான்ட்கோமரி எழும்பிக் கையை நீட்ட, பந்து அதில் பட்டு மேலே சென்று, குறுக்குக் கம்பத்தில் மோதி வெளியே வந்தது. கோல் என்றே நினைத்தவர்கள் பலர்.

நாமும் சிறிது கணக்குப் போடுவோம். தூரம் 5 மீட்டர், பந்தின் வேகம் வினாடிக்கு 25 மீட்டர் என்று கொண்டால், பந்து வந்து சேர 0.2 வினாடி. கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசைக்கு ஆணை போய்ச் சேரவே மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 வினாடி வேண்டும். கையை நகர்த்த நேரமே மீதி இல்லை! பெனால்டி உதைக்குக்கூட 11 மீட்டர் தூரம் உண்டு, 0.44 வினாடி கிடைக்கிறது. அப்படியானால் மான்ட்கோமரி எப்படித் தடுத்தார்? பந்து காலை விட்டுப் புறப்படும் வரை நல்ல கோல்கீப்பர் காத்திருப்பதில்லை. உதைப்பவரின் இடுப்பும் காலும் திரும்பும் விதத்தைக் கொண்டே, அவர் உடல் முன்னதாக அசையத் தொடங்கிவிடுகிறது. பல ஆண்டுப் பயிற்சியால் வருவது அது.

இன்னொன்று. பந்தின் நிறை சுமார் 430 கிராம். வேகத்தால் பெருக்கினால் அதன் உந்தம் ஏறத்தாழ 10.75 கிலோகிராம் மீட்டர்/வினாடி. இதை 1/100 வினாடியில் முற்றிலும் நிறுத்த 1,075 நியூட்டன் விசை தேவை. சுமார் 110 கிலோகிராம் எடையைத் தாங்குவதற்குச் சமம். தரையிலிருந்து எழும் ஒருவரின் நீட்டிய கை அதைத் தாங்குமா? ஆனால் பந்தை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. வேகம் குறையாமல் அதன் திசையை 30 பாகை மேலே திருப்ப, உந்தத்தில் வேண்டிய மாற்றம் ஏறத்தாழப் பாதிதான். அந்த மாற்றம் பந்து தொட்டுச் செல்லும் வேளையிலேயே கிடைத்துவிடுகிறது. மிச்ச வேலையைக் குறுக்குக் கம்பம் பார்த்துக் கொண்டது. கம்பத்தில் பட்ட பந்து உள்ளே விழாமல் வெளியே விழுந்ததே, அது மட்டும் பகடை!

ஆட்டம் முடிந்த ஊதல் கேட்டதும், மழைக்கோட்டும் தொப்பியுமாக ஸ்டோகோ மைதானத்துக்குள் ஓடினார். கோல் போட்டவரிடம் அல்ல, மான்ட்கோமரியிடம்.

அந்த ஆண்டு சண்டர்லாண்ட், இறுதிக்கு வரும் வழியில் மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல் ஆகிய இரு முதல் டிவிஷன் அணிகளையும் வென்றிருந்தது. மூன்று வெற்றிக்கும் தனித்தனியே 1/3 வாய்ப்பு என்றால், தொடர்ந்து மூன்றும் கிடைக்க வாய்ப்பு 1/27. ஆனால் அன்றைய இரண்டாம் டிவிஷனில் 22 அணிகள். ஒவ்வோர் ஆண்டும் அத்தனையும் உருட்டிப் பார்க்கின்றன. என்றாவது ஒரு நாள் யாருக்காவது விழத்தானே வேண்டும்?

இனி உங்கள் முறை. இன்னும் எளிய அணி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். 6 விழுந்தால் மட்டுமே அதற்குக் கோல். மற்ற ஐந்து எண்களும் எதிரணிக்கு. ஒரு கோல் ஆட்டத்தில் அதன் வாய்ப்பு 1/6 என்பது பார்த்தவுடனே தெரியும். மூன்று கோல் ஆட்டத்தில் எவ்வளவு? கணக்கில் 2/27 வந்தால் சரி. பிறகு பகடையை எடுத்து நூறு ஆட்டங்கள் உருட்டிக் குறித்து வையுங்கள். அந்த அணி ஏழெட்டு முறையாவது வெல்கிறதா என்று பார்க்கலாம்.