முறுக்கினால் மட்டும் போதுமா?

"புக்கிட் பூத்துஸ் மேட்டில் என் மோட்டார் திணறுகிறது சார். எரிபொருள் கூட்டும் கருவி ஒன்று மாட்டட்டுமா?" என்று கேட்டான் என் பழைய மாணவன். கையில் இருந்தது, அவன் தாயார் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம்.

இக்காலத்து மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. அது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. இக்கருவி இடையே அமர்ந்து, அந்த நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. 1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். முறுக்கும்போது காற்று 13 பங்கு அளவில் இருந்தால் இன்ஜின் சட்டெனத் துள்ளும். பெட்ரோல் மிஞ்சினாலோ பிளக்கில் கரி படியும், காசும் புகையாகும்.

அவன் வண்டியைத் திறந்து பார்த்தோம். காற்று வடிகட்டியில் தோட்டத்துச் செம்மண் அப்பிக் கிடந்தது. முறுக்குக் கேபிளும் தளர்ந்திருந்தது. வடிகட்டியை மாற்றினோம், கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்ச்சி மட்டும் விட்டு இறுக்கினோம். ஹேண்டிலை இருபுறமும் திருப்பி, இன்ஜின் வேகம் தானாகக் கூடவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டோம். மறுநாள் வண்டி மேட்டில் திணறாமல் ஏறியது.

மிச்சப் பணத்தில் தேய்ந்த முன் டயரை மாற்றினான். இளைஞர்களே, பாய்ச்சலைத் தேடுமுன் பழுதைத் தேடுங்கள். வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறாள்!