மண்ணுக்குள் ஒரு காடு

மட்டாஞ்சேரி படகுத் துறையில் நின்றால் காயல் தெரியும். இந்தக் காயல் தெற்கே போகப் போக அகலமாகிறது. அதுதான் வேம்பநாட்டுக் காயல். அதன் கரையில் வைக்கம் இருக்கிறது. இன்னும் தெற்கே குட்டநாடு இருக்கிறது.

குட்டநாட்டில் பல வயல்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்வானவை. சுற்றிலும் கரை கட்டுகிறார்கள். தண்ணீரை இறைக்கிறார்கள். பிறகு நெல் விதைக்கிறார்கள்.

குட்டநாட்டிலும் வைக்கம் பக்கத்திலும் சில வயல்களுக்குக் கரி நிலம் என்று பெயர். அங்கே மண் கரியைப் போலக் கறுப்பாக இருக்கும். ஆழமாகத் தோண்டினால் கறுத்த மரத்துண்டுகள் கிடைக்கும். நெல் வயலில் மரம் எப்படி வந்தது?

முன்பு அங்கே காடு இருந்தது. அந்தக் காடு சேற்றில் புதைந்துவிட்டது.

புதைந்த மரம் ஏன் மக்கவில்லை? மரத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களில் பலவற்றுக்குக் காற்று வேண்டும். ஈரச் சேற்றுக்கு அடியில் காற்று இல்லை. அதனால் மரம் அழியாமல் கறுத்துக் கிடக்கிறது.

அதன் வயதை எப்படி அறிவது? உயிருள்ள மரத்தில் ஒருவகைக் கார்பன் உண்டு. மரம் செத்த பிறகு அது குறையும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மீதி எவ்வளவு என்று அளந்து வயதைக் கணக்கிடுகிறார்கள். கரி நில மரங்களில் சிலவற்றுக்கு வயது சுமார் 7,000 ஆண்டுகள்.

அந்த மண்ணில் பழங்காலப் பூக்களின் மகரந்தத் தூளும் இருக்கிறது. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கண்டல் மரத்தின் மகரந்தம் தெரிந்தது. கண்டல் மரம் எங்கே வளரும்? உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும். அப்படியானால் கடல் தண்ணீர் அங்கே வரை வந்திருக்கிறது.

கடல் ஏன் வந்தது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் மிகவும் குளிராக இருந்தது. ஏராளமான தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பிறகு உலகம் சூடானது. பனி உருகியது. கடல் ஏறி வந்தது. காட்டுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தது. ஆறுகள் கொண்டு வந்த வண்டல் எல்லாவற்றையும் மூடியது.

இது வெறும் பழங்கதை அல்ல. இன்றைய விவசாயிக்கும் இதில் சங்கதி உண்டு. கடல் தண்ணீரில் கந்தகம் இருக்கிறது. அது சேற்றில் இரும்போடு சேர்ந்து தங்கிவிட்டது. மண் ஈரமாக இருக்கும்வரை தொல்லை இல்லை. மண் காய்ந்து வெடித்தால் காற்று உள்ளே போகும். உடனே அமிலம் உண்டாகும். நெல்லின் வேர் கெடும். விளைச்சல் குறையும்.

இதற்கு மருந்து சுண்ணாம்பு. சுண்ணாம்பு அமிலத்தைக் குறைக்கும். காயலின் அடியில் கிடைக்கும் சிப்பி ஓடுகளைச் சுட்டும் சுண்ணாம்பு செய்கிறார்கள். புளித்த தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விடுவதும் நல்லது. மண்ணை அதிகமாகக் காயவிடக் கூடாது.

இன்றும் உலகம் சூடாகி வருகிறது. கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. கொச்சியும் குட்டநாடும் தாழ்வான இடங்கள். கடல் முன்பு எதுவரை வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது.

உங்கள் ஊரில் கிணறு தோண்டியபோது மரத்துண்டு, சிப்பி ஏதாவது கிடைத்ததா? பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.