நெகிழி மாசும் உலக நாடுகளும்

1907ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் என்னும் வேதியியலறிஞர், முழுதும் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கை உருவாக்கினார். நெகிழி எனத் தமிழில் வழங்கும் இப்பொருளுக்கு மட்காமையே பெருஞ்சிறப்பாயிற்று. இன்று அச்சிறப்பே பழியாய் முடிந்துள்ளது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் உலகம் பயன்படுத்திய நெகிழி 46 கோடி டன். கழிவில் மறுசுழற்சி பெற்றதோ 9 விழுக்காடே.

ஆறும் கடலும் நாட்டெல்லை அறியா. ஆதலின் ஒரு நாட்டின் சட்டம் மட்டும் இம்மாசினைத் தடுக்க இயலாது. உலக நாடுகளின் முன்னுள்ள வழிகள் மூன்று எனலாம்.

முதலாவது, கழிவு வாணிகத்தைக் கட்டுப்படுத்தல். 1989இல் உருவான பேசல் உடன்படிக்கை 2019இல் திருத்தப்பெற்றது. தரம் பிரிக்கப்படாத நெகிழிக் கழிவைப் பெறும் நாட்டின் முன் இசைவின்றி அனுப்பலாகாது என்னும் விதி 2021 முதல் நடைமுறைக்கு வந்தது. செல்வநாடுகளின் குப்பை ஏழைநாடுகளின் வாயிலில் குவிவதை இது ஓரளவு தடுக்கும். குப்பை பிறப்பதைத் தடுக்காது.

இரண்டாவது, ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்துக்கொள்ளல். தட்பவெப்ப மாற்றம் குறித்த 2015ஆம் ஆண்டின் பாரிசு உடன்பாடு இம்முறையினது. கையொப்பமிடுதல் எளிது; ஆயின் இலக்கு சிறிதாயினும் கேட்பாரிலர்.

மூன்றாவது, உற்பத்திக்கே பொதுவரம்பு விதித்தல். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் எழுந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை இதற்குச் சான்று. அது தீங்கு செய்யும் வேதிப்பொருள்களின் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்தது. சேராத நாடுகளுடன் அப்பொருள்களின் வாணிகத்தைத் தடுத்தது. வளரும் நாடுகளுக்கென 1990இல் நிதியமும் கண்டது. கட்டுப்பாடும் கைகொடுத்தலும் இணைந்தமையால் உலக நாடுகள் அனைத்தும் அதில் சேர்ந்தன.

நெகிழியின் பிறப்பு முதல் இறுதி வரை கருத்திற்கொண்டு, சட்டவலிமையுள்ள உடன்படிக்கை காண்பதென 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை தீர்மானித்தது. எனினும் 2024இல் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடந்த பேச்சுகள் உடன்பாடின்றி முடிந்தன. நார்வே, ருவாண்டா முதலிய நாடுகள் உற்பத்தியைக் குறைக்க வேண்டுமென்றன. சவூதி அரேபியா முதலிய எண்ணெய்வள நாடுகள் கழிவு மேலாண்மையே போதுமென்றன. நெகிழியின் மூலப்பொருள் பெரும்பாலும் எண்ணெயும் எரிவாயுவுமே என்பதை எண்ணின் இம்முரண்பாடு விளங்கும். அனைவரும் இசைந்தாலன்றி முடிவில்லை என்னும் நடைமுறையும் தடையாயிற்று.

மருத்துவத்துக்கு உதவும் நெகிழியையும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பையையும் ஒன்றாக எண்ணலாகாது. எறிபொருள்களிலிருந்து வரம்பைத் தொடங்கலாம். குப்பை பொறுக்கிப் பிழைப்போரின் வாழ்வுக்கும் வழி காணலாம். ஆயின் உற்பத்தியைத் தொடாத உடன்படிக்கை பயன் தாராது. வெள்ளம் வந்தபின் அணை கோலுதல் அறிவுடைமை ஆகுமோ?